பந்தாட்டமும் ஜோசியமும்

நம்முடைய பாபநாசத்திற்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், இங்கு வந்தவர்களின் பாபமெல்லாம் நாசமாகிவிடும் என்பதாகச் சொல்லுகின்றார்கள். இராமன் கூட வந்து 108 லிங்கங்களை வைத்துப் பூசை செய்து தன் பாபத்தைத் தொலைத்தானாம். இராமனுடைய பாபம் தொலைந்ததோ தொலையவில்லையோ, அது நமக்குத் தெரியாது. ஆனால் இந்த ஊரில் பிள்ளைகளின் வாழ்வு நாசமாவதை மாத்திரம் நாம் கண்ணால் பார்த்துக் கொண்டுதான் இருக்கின்றோம். அப்படிப் பார்த்த ஒரு சங்கதியைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கின்றது.

நமக்குத் தெரிந்த ஒரு தோழர் இருக்கின்றார். பிறர் டிராக்டரை ஓட்டி, நடவுக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் இரவு பகலாய் உழைத்துப் பிழைப்பவர். அவருக்கு 14 வயதில் ஒரு பையன். பையன் கால் பந்து ஆடுவதில் கெட்டிக்காரன். அறுத்துக் கிடக்கும் வயலில் அவன் பந்தைக் கொண்டுபோவதைப் பார்த்தால், நம்மைப் போல் ஆட்டம் தெரியாதவர்கள் கூட நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ஜில்லாத் தேர்வுக்கு வரும்படி அவனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தேர்வு நாள் வந்தது. பையன் போகவில்லை. மறுநாள் டீக்கடையில் தகப்பனாரைக் கண்டு, “ஏன் பையனை அனுப்பவில்லை?” என்று கேட்டோம்.

“இல்லீங்கய்யா, கட்டத்தைப் பார்த்தோம். ஏழரை நடக்குதாம். காலுக்குக் கண்டம் இருக்குன்னு சொல்லிட்டாரு. இன்னும் ரெண்டரை வருஷம் கழியட்டும், அப்புறம் பையன் ஓகோன்னு வருவான்னாரு” என்றார்.

இதற்கு ஜோசியருக்குத் தட்சணை 500 ரூபாய். பரிகாரச் செலவு வேறு. ஒரு நாள் கூலியைக் கொடுத்து, மகனுடைய வருங்காலத்தையும் கூடச் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கின்றார்!

தோழர்களே! 14 வயதும் ஒரு இரண்டரை வருஷமும் சேர்ந்தால் பதினாறரை. ஒரு பையனுடைய எலும்பு நீளுவதும், தசை ஏறுவதும், காலும் கண்ணும் மூளையும் ஒன்றோடொன்று பழகுவதும் அந்த வருஷங்களில்தான். நாற்று விட்டு, நடவேண்டிய நாளில் நடாமல், “இரண்டரை மாதம் கழித்து நடலாம்” என்று ஒரு ஜோசியன் சொன்னால், நம் தஞ்சை ஜில்லாவில் எந்தக் குடியானவனாவது கேட்பானா? நாற்றங்காலிலேயே பயிர் முற்றிப்போகும் என்று அவனை ஊரைவிட்டே துரத்துவான். நெல் விஷயத்தில் இவ்வளவு அறிவுள்ள ஜனங்களுக்குத் தாங்கள் பெற்ற பிள்ளை விஷயத்தில் மாத்திரம் அந்த அறிவு எங்கே போய்விடுகின்றது என்று கேட்கின்றோம்.

பெரிய இடத்து ஜோசியம்

அந்த டிராக்டர் ஓட்டும் தோழரை மாத்திரம் குற்றம் சொல்லுவது நியாயமாகாது. அவர் படிக்காதவர். படித்தவர்கள், கோட்டும் சூட்டும் போட்டவர்கள், தேசத்தின் பந்தாட்டத்தையே நிர்வகிப்பவர்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

2022-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் கல்கத்தாவில் ஆசியக் கோப்பைக்கான தகுதிப் பந்தயங்கள் நடந்தன. அந்தச் சமயத்தில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனமானது, இந்தியக் கோஷ்டிக்கு ‘ஊக்கம் கொடுப்பதற்காக’ என்று ஒரு ஜோசியக் கம்பெனியை ரூ.16 லட்சத்திற்கு அமர்த்தியதாகப் பத்திரிகைகளில் வந்தது. அது மாத்திரமல்ல. 2023 செப்டம்பரில் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ பத்திரிகை இன்னொரு சங்கதியையும் வெளியிட்டது. அப்போதைய பயிற்சியாளர், ஆட்டக்காரர்களின் பெயர்ப் பட்டியலைப் பந்தயத்திற்கு முன்னாலேயே ஒரு ஜோசியருக்கு அனுப்ப, அவர் ஒவ்வொருவனுக்கும் ‘இன்றைக்கு நல்லது’, ‘இன்றைக்கு வேண்டாம்’ என்கின்ற மாதிரி பதில் எழுதினார் என்பதே அந்தச் செய்தியாகும்.

அந்தத் தகுதிப் பந்தயங்களில் இந்தியா ஜெயித்தது உண்மை. கம்போடியாவை 2-0, ஆப்கானிஸ்தானத்தை 2-1, ஹாங்காங்கை 4-0 என்று ஜெயித்தது. “பார்த்தீர்களா, ஜோசியம் பலித்துவிட்டது” என்று சில ஆஸ்திகக் கனவான்கள் சொல்லக்கூடும். சரி, வாதத்திற்காக அப்படியே வைத்துக் கொள்ளுவோம். அப்படியானால் அதற்குப் பின் நடந்ததற்கும் கிரகங்களே பதில் சொல்ல வேண்டுமல்லவா? 2024 ஜனவரியில் அதே ஆசியக் கோப்பைக்காகக் கத்தார் தேசம் போன இந்தியக் கோஷ்டி ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1 என்று மூன்று பந்தயங்களிலும் தோற்று, ஒரு கோல் கூடப் போடாமல் திரும்பிற்று. அதே வருஷம் மார்ச்சு 26-ந் தேதி, கவுஹாத்தியில், சொந்த மண்ணிலேயே, அதே ஆப்கானிஸ்தானத்திடம் 1-2 என்று தோற்றது. யுத்தத்தினால் பாழாகி, தன் ஊரில் பந்தயம் நடத்தக்கூட வழியில்லாத ஒரு தேசத்திடம் தோற்றோம்! ஜூன் மாதம் அந்தப் பயிற்சியாளரையும் நீக்கிவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கின்றது. அந்தப் பயிற்சியாளர் குரோஷியா தேசத்துக்காரர். அந்தத் தேசத்தின் ஜனத்தொகை சுமார் 40 லட்சம்தான். அது 2018-இல் உலகக் கோப்பையின் இறுதிப் பந்தயம் வரையில் போயிற்று. 2022-இல் மூன்றாவதாக வந்தது. அங்கு பழைய சங்கங்களும், சிறுவர் பள்ளிகளும், பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் இருக்கின்றார்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு மனிதரை விலை கொடுத்து வரவழைத்து, வந்தவருக்கு இங்கே ஒரு ஜோசியரையும் துணைக்குக் கொடுத்தார்கள் என்றால், நம் தேசத்து மூட நம்பிக்கையின் வலுவை என்னவென்று சொல்லுவது!

ஒரு ஆட்டக்காரன் செய்கின்ற வேலை என்ன?

சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகின்ற நிலைமைக்கு ஒருவன் வரவேண்டுமானால் என்ன வேண்டும் என்பதை முதலில் யோசித்துப் பார்ப்போம். பந்தயம் 90 நிமிஷம். அதற்குள் ஒரு ஆட்டக்காரன் சாதாரணமாக 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகின்றான். பாபநாசத்திலிருந்து கும்பகோணம் போகும் தூரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு. அதுவும் வண்டி மாடு போல் ஒரே சீராக அல்ல. நடை, ஓட்டம், பாய்ச்சல், நிற்றல், திரும்புதல், குதித்தல் என்று சில விநாடிகளுக்கொரு தரம் மாறிக்கொண்டே இருக்கவேண்டும். இதற்கு இருதயமும் நுரையீரலும் பல வருஷங்கள் பழக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு நாள் இரவில் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாற்றினால் வந்துவிடக்கூடிய சக்தி அல்ல அது.

இன்னொரு ஆச்சரியம் என்னவென்றால், அந்த 90 நிமிஷத்தில் ஒருவன் காலில் பந்து இருக்கும் நேரம் மொத்தம் மூன்று நிமிஷத்திற்கும் குறைவு. அப்படியானால் மீதி நேரத்தில் அவன் செய்வது என்ன? பார்க்கின்றான், யோசிக்கின்றான். தன்னிடம் பந்து வருவதற்கு முன்னாலேயே இடமும் வலமும் பின்னும் திரும்பிப் பார்த்து, யார் எங்கே நிற்கின்றார்கள், பந்து வந்தால் யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானித்துக் கொள்ளுகின்றான். நார்வே தேசத்து ஆராய்ச்சிக்காரர்கள் பெரிய ஆட்டக்காரர்களைப் படம் பிடித்துப் பார்த்து, பந்து வருமுன் அதிகம் திரும்பிப் பார்க்கின்றவர்களே அதிகமாகச் சரியான ஆளுக்குப் பந்தைக் கொடுக்கின்றார்கள் என்று கண்டிருக்கின்றார்கள். ஆகவே பந்தாட்டம் காலால் ஆடும் ஆட்டம் என்பது பாதி உண்மையே. அது அறிவால் ஆடும் ஆட்டம். எதிரே இருப்பதைக் கண்ணால் பார்த்து, காரண காரியத்தை யோசித்து, தன் புத்தியின் பேரில் நம்பிக்கை வைத்து உடனே முடிவு செய்யவேண்டியவன், “இன்றைக்கு என் ராசிக்கு நாள் சரியில்லையாம்” என்று தலையில் ஒரு சுமையைத் தூக்கிக்கொண்டு மைதானத்திற்குள் போனால், அவன் உருப்படுவானா?

பிறந்த மாதத்தின் இரகசியம்

இந்த இடத்தில் ஜோசியத்தை நம்புகின்றவர்களுக்கு நாமே ஒரு சங்கதியைச் சொல்லுகின்றோம். பந்தாட்டக்காரர்களின் வாழ்வுக்கும் அவர்கள் பிறந்த மாதத்திற்கும் சம்பந்தம் உண்டு. வாஸ்தவமாகவே உண்டு! இங்கிலாந்தில் சிறுவர் பள்ளிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பையன்களின் பிறந்த தேதிகளைக் கணக்கெடுத்துப் பார்த்தால், செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிறந்தவர்கள் மிக அதிகமாகவும், ஜூன், ஜூலை, ஆகஸ்டில் பிறந்தவர்கள் மிகக் குறைவாகவும் இருக்கின்றார்கள். “ஆகா, துலா ராசியின் மகிமை!” என்று ஜோசியர்கள் குதிக்கலாம். கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

இங்கிலாந்தில் வயதுக் கணக்கு செப்டம்பர் முதல் தேதியில் ஆரம்பிக்கின்றது. செப்டம்பர் 1-ந் தேதி பிறந்த பையனும், அடுத்த ஆகஸ்ட் 31-ந் தேதி பிறந்த பையனும் ஒரே வயதுக் கூட்டம் என்று கணக்கு. ஆனால் வாஸ்தவத்தில் இருவருக்கும் ஏறக்குறைய ஒரு வருஷம் வித்தியாசம். 9 வயதில் ஒரு வருஷம் என்பது வாழ்நாளில் ஒன்பதில் ஒரு பங்கு. பெரியவன் உயரமாயிருப்பான், வேகமாக ஓடுவான். தேர்ந்தெடுக்கின்றவர் அவனைக் கெட்டிக்காரன் என்று எடுத்துக் கொள்ளுகின்றார். எடுத்ததனால் அவனுக்கு நல்ல ஆசிரியர், நல்ல மைதானம், நல்ல சாப்பாடு கிடைக்கின்றன. அதனால் அவன் வாஸ்தவமாகவே கெட்டிக்காரனாகி விடுகின்றான். சிறியவன் வீட்டுக்குப் போய்விடுகின்றான்.

இது கிரகத்தின் வேலையா, ரிஜிஸ்தரின் வேலையா என்பதற்குப் பெல்ஜியம் தேசத்தில் பரீக்ஷை நடந்துவிட்டது. அங்கு முன்பு வயதுக் கணக்கு ஆகஸ்ட் முதல் தேதியில் ஆரம்பமாயிற்று. ஆகஸ்டையொட்டிப் பிறந்தவர்களே அதிகம் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 1997-இல் கணக்கை ஜனவரி முதல் தேதிக்கு மாற்றினார்கள். உடனே சிறுவர் கோஷ்டிகளில் ஜனவரியையொட்டிப் பிறந்தவர்கள் அதிகமாகிவிட்டார்கள். வானத்தில் சனியும் இடம் மாறவில்லை. செவ்வாயும் இடம் மாறவில்லை. ஆபீசிலே ஒரு குமாஸ்தா தேதியை மாற்றினார், ‘தலையெழுத்து’ மாறிவிட்டது!

தோழர்களே, தலையெழுத்து என்பதன் யோக்கியதை இவ்வளவுதான். யாரோ மனிதர்கள் ஏதோ ஒரு ஏற்பாட்டைச் செய்கின்றார்கள். அதனால் சிலருக்கு வசதியும் பலருக்குக் கேடும் உண்டாகின்றது. பிறகு அந்த ஏற்பாட்டை மறைத்துவிட்டு, “அவன் பிறந்த நேரம் அப்படி” என்று சொல்லுகின்றார்கள். ஜாதிப் புரட்டிற்கும் ஜாதகப் புரட்டிற்கும் உள்ள ஒற்றுமை இதுதான். அன்றியும், நம் பக்கத்தில் எத்தனையோ பேருக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் எழுதிய தேதிதான் பிறந்த தேதி. அந்தத் தேதிக்கு ஜாதகம் கணித்தால், அது பையனுடைய ஜாதகமா, வாத்தியாருடைய பேனாவின் ஜாதகமா?

தாயத்தும் ஊசியும்

பிறவியில் ஒன்றுமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஒருவனுக்கு உயரமும், ஒருவனுக்கு வேகமும் தாய் தகப்பன் வழியில் வரத்தான் செய்கின்றன. ஆனால் அது வெறும் விதைதான். விதை முளைப்பதற்கு வேண்டியதைச் செய்கின்றவர்கள் மனிதர்களே.

அர்ஜென்டினா தேசத்து லயோனல் மெஸ்ஸியை அறியாத பையன் இன்று நம் ஊர்களில் இல்லை. அவருக்குச் சிறு வயதில் வளர்ச்சி நின்றுபோயிற்று. உடம்பில் வளர்ச்சிக்கு வேண்டிய சுரப்பு போதாது என்று வைத்தியர்கள் கண்டுபிடித்தார்கள். நாள் தவறாமல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். செலவோ குடும்பத்தால் தாங்க முடியாது. 2000-ஆம் வருஷம், அவருக்கு 13 வயதாயிருக்கையில், ஸ்பெயின் தேசத்துப் பார்சிலோனா சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டு வைத்தியச் செலவையும் ஏற்றுக்கொண்டது. 2022-இல் அவர் உலகக் கோப்பையைக் கையில் தூக்கினார். அதே பையன் நம் பாபநாசத்தில் பிறந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? இடுப்பில் ஒரு தாயத்து, கையில் ஒரு மந்திரக் கயிறு, குலதெய்வத்திற்கு ஒரு கிடா. கடைசியில் “குள்ளப் பயல்” என்று ஒரு பட்டப்பெயர். இவ்வளவுதான் கிடைத்திருக்கும்.

மேற்படி குரோஷியாவின் லூகா மோட்ரிச் யுத்தத்தில் பாட்டனாரைப் பறிகொடுத்து, அகதியாக ஒரு ஓட்டலில் தங்கி, அங்கே வண்டி நிறுத்துகின்ற இடத்தில் பந்து உதைத்துப் பழகியவர். உடம்பு போதாது என்று ஒரு பெரிய சங்கம் அவரைத் தள்ளிவிட்டது. வேறொரு சங்கம் வளர்த்தது. 2018-இல் உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசு பெற்றார். தள்ளியதும் மனிதர்கள், எடுத்ததும் மனிதர்கள். இதில் கடவுளுக்கு என்ன வேலை?

காலில் பிறந்தவர்கள்

நிற்க, பந்தாட்டத்திற்கும் நம் ஜாதி முறைக்கும் உள்ள சம்பந்தத்தைக் கொஞ்சம் கவனிப்போம். பிரம்மாவின் முகத்தில் பிறந்தவன் உயர்ந்தவன், பாதத்தில் பிறந்தவன் சூத்திரன், பஞ்சமனுக்கு அந்தப் பாதத்தில் கூட இடமில்லை என்று எழுதிவைத்து நம்மை அடக்கி வந்தார்கள். உழைக்கின்ற கால் இழிவு. உட்கார்ந்து மந்திரம் சொல்லுகின்ற வாய் உயர்வு. மாட்டுத் தோலைத் தொடுகின்றவன் தீண்டப்படாதவன். இப்படிப்பட்ட தேசத்தில், தோல் பந்தைக் காலால் உதைக்கின்ற ஆட்டம் எப்படி வளர முடியும்? சேற்றில் கால் வைப்பதையே கேவலம் என்று நினைத்தவர்கள் கையில் அதிகாரம் இருந்தால், கால்களுக்கு யார் செலவு செய்வார்கள்?

கேரளத்தின் திருச்சூரில், பந்தய மைதானத்தில் சோடா விற்ற ஒரு தாழ்த்தப்பட்ட ஏழைப் பையன் இருந்தான். கேரளப் போலீஸ் கோஷ்டி அவனைச் சிறு வயதிலேயே சேர்த்துக் கொண்டு சாப்பாடும் பயிற்சியும் உத்தியோகமும் கொடுத்தது. அவர்தான் பிற்பாடு இந்தியக் கோஷ்டிக்குத் தலைவராயிருந்த ஐ.எம். விஜயன். ஹைதராபாத்தில் பிறந்த தமிழர் பீட்டர் தங்கராஜ் பட்டாளத்தில் இருந்து ஆடினார். 1956, 1960 ஒலிம்பிக் பந்தயங்களில் இந்தியாவின் கோல் காத்தார். நீலகிரியிலுள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் கோஷ்டி 1955-லும் 1958-லும் டூராண்ட் கோப்பையை ஜெயித்தது. பட்டாளத்தில் என்ன விசேஷம்? மூன்று வேளைச் சாப்பாடு, காலுக்குப் பூட்ஸ், காலை மாலை மைதானம், மாதச் சம்பளம், அந்நேரத்தில் ஜாதி கேட்காத ஒரு ஒழுங்கு. இவ்வளவுதான் விசேஷம். கோஷ்டி ஜெயித்தது.

சிலர் நம் ஜனங்கள் வெறுங்காலால் ஆடியதைப் பெரிய வீரமாகப் பாடுகின்றார்கள். 1911 ஜூலை 29-ந் தேதி மோகன் பகான் கோஷ்டி, ஒருவர் தவிர மற்றவர்கள் வெறுங்காலுடன் ஆடி வெள்ளைக்காரப் பட்டாளத்தை 2-1 என்று ஜெயித்தது வாஸ்தவம், பெருமைதான். ஆனால் 1948-இல் லண்டனில் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடி, சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டும், கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் வீணாக்கி, பிரான்சிடம் 1-2 என்று தோற்றோம். 1952-இல் குளிரில் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று நசுங்கினோம். அதன் பின்தான் பூட்ஸ் கட்டாயமென்று சட்டம் வந்தது. 1962-இல் சையத் அப்துல் ரஹீம் என்ற ஆசிரியரின் பயிற்சியில் தென்கொரியாவை 2-1 என்று ஜெயித்து ஆசியாவில் தங்கம் வாங்கினோம். ஆகவே வெறுங்காலைப் போற்றுவது வீரத்தைப் போற்றுவதாகாது, தரித்திரத்தைப் போற்றுவதாகும். தரித்திரத்தைப் போற்றுகின்றவன் அதை நீக்க ஒருநாளும் சம்மதிக்கமாட்டான்.

பெண்கள் நிலை

பையன்கள் கதி இப்படியானால் பெண் குழந்தைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பெண் வயதுக்கு வந்தால் ஒரு சடங்கு. அதோடு ஓட்டமும் ஆட்டமும் முடிந்தன. மாதத்தில் மூன்று நாள் ‘தீட்டு’ என்று மூலையில் உட்கார வைக்கின்ற வீட்டில் ஆட்டக்காரி எங்கிருந்து வருவாள்? இந்தப் பைத்தியம் நம் நாட்டில் மாத்திரம்தான் என்று எண்ணவேண்டியதில்லை. 1920 டிசம்பரில் இங்கிலாந்தில் பெண்கள் ஆடிய ஒரு பந்தயத்தை 53,000 பேர் பார்த்தார்கள். அதைப் பொறுக்காமல் 1921-இல் அந்தத் தேசத்துச் சம்மேளனம், பெண்களுக்கு இந்த ஆட்டம் தகாது என்று தன்னைச் சேர்ந்த மைதானங்களை மூடிவிட்டது. 50 வருஷம் மூடியே வைத்திருந்தது. எந்த மதமானாலும் எந்தத் தேசமானாலும் ஆண்களுடைய அயோக்கியத்தனம் ஒன்றுதான்.

ஆனால் தடையை நீக்கினால் என்ன நடக்கின்றது? தமிழ்நாட்டுப் பெண்கள் கோஷ்டி 2018-லும் 2023-லும் இந்திய தேசியப் பட்டத்தை ஜெயித்தது. மதுரைச் சேது சங்கம் 2019-இல் பெண்கள் லீக்கை ஜெயித்தது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்காக ஆடியிருக்கின்றார். தமிழ்நாட்டுப் போலீசில் சப்-இன்ஸ்பெக்டர் உத்தியோகமும் பெற்றார். கடலூர் என்ன, சந்திர மண்டலத்திலா இருக்கின்றது? கொள்ளிடத்திற்கு அப்பால்தான் இருக்கின்றது.

2019-21-இல் சர்க்கார் எடுத்த கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்த சோகை. இரத்தத்தில் இரும்புச் சத்து இல்லாவிட்டால் மூச்சுக்காற்று தசைக்குப் போய்ச் சேராது. இப்படிப்பட்ட பெண்ணை வெள்ளிக்கிழமை விரதம் இரு, நல்ல புருஷன் கிடைப்பான் என்று பட்டினி போடுகின்ற தாய்மார்களை நாம் என்ன சொல்லுவது!

அப்படியானால் என்ன வேண்டும்?

ஐஸ்லாந்து என்று ஒரு தேசம். 2016-இல் அதன் ஜனத்தொகை சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம். நம் தஞ்சை ஜில்லாவின் ஜனத்தொகை 2011 கணக்கில் 24 லட்சம். அதாவது நம்மில் ஏழில் ஒரு பங்கு. வருஷத்தில் பல மாதம் அங்கு பனியும் இருட்டும். அவர்கள் என்ன செய்தார்கள்? 2000-ஆம் வருஷத்திலிருந்து, கூரையும் வெப்பமும் உள்ள பெரிய ஆட்டக் கொட்டகைகளைக் கட்டினார்கள். நூற்றுக்கணக்கானவர்களுக்கு முறையாகப் பயிற்சி ஆசிரியர் படிப்புக் கொடுத்து, ஐந்து ஆறு வயதுக் குழந்தைக்கும் படித்த ஆசிரியரே சொல்லிக் கொடுக்கும்படி செய்தார்கள். 2016-இல் அந்தச் சின்னத் தேசம் இங்கிலாந்தை 2-1 என்று ஜெயித்தது. 2018-இல் உலகக் கோப்பைக்கும் போயிற்று. அந்தக் கோஷ்டியின் பயிற்சியாளர் பல் வைத்தியர், ஜோசியர் அல்ல.

நமக்கோ வருஷம் முழுவதும் வெய்யில், ஆற்று மணல், அறுப்பு முடிந்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் வெட்டவெளி. நம் பாலைவனநாதர் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இருக்கின்றது. 3,000 கலம் கொள்ளும் என்று பெருமையாகச் சொல்லுகின்றோம். அந்த நெல்லை விளைவித்தவன் பிள்ளை எத்தனை வேளை சாப்பிட்டான் என்று யாராவது சொல்லுகின்றோமா? மேற்படி சர்க்கார் கணக்கிலேயே, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நாலில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கின்றது. நெற்களஞ்சியமான காவிரி நாடு உள்ள மாகாணத்தில் இது நடக்கின்றது.

1920-இல் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட ஆரம்பித்தது. 1956-இல் காமராசர் காலத்தில் மதிய உணவு மாகாணம் முழுவதும் பரவிற்று. 1982-இல் சத்துணவாயிற்று, பிறகு முட்டை வந்தது, 2022-இல் காலைச் சாப்பாடும் வந்தது. பிள்ளைகளின் காலுக்கு வலுவேற்றியவை இவைதான். எந்தக் கும்பாபிஷேகமும் அல்ல.

ஆகவே, சம்பளம் பெறும் ஆட்டக்காரனாவதற்கு வேண்டியவை இவை: ஆறு ஏழு வயதிலிருந்து தினந்தோறும் பந்து, வயிறு நிறையச் சத்துள்ள சாப்பாடு, அடிபட்டால் எண்ணெய் நீவுகின்றவரிடமும் மந்திரிக்கின்றவரிடமும் ஓடாமல் எலும்பு வைத்தியரிடம் போகும் வசதி, முறையாகப் படித்த ஆசிரியர், ஜாதி கேட்காத மைதானம், தூக்கம், பத்து வருஷப் பொறுமை. இவ்வளவும் இருந்தாலும் நூற்றுக்கு நூறு பேர் ஆட்டக்காரராகிவிடமாட்டார்கள். மிகச் சிலரே ஆவார்கள். அதையும் மறைக்காமல் சொல்லுகின்றோம். ஆனவர்களுக்கும் கஷ்டம் உண்டு. 2025-இல் இந்திய சூப்பர் லீக் நிறுத்தி வைக்கப்பட்டபோது சில சங்கங்கள் ஆட்டக்காரர்களின் சம்பளத்தையே நிறுத்தின. ஆகையால் பந்தோடு படிப்பும் வேண்டும். “பந்தா, படிப்பா?” என்று கேட்பதே தவறு. இரண்டும் வேண்டும். ஆட்டக்காரனாகாத பிள்ளைக்கும் மேலே சொன்ன சாப்பாடும் வைத்தியமும் மைதானமும் நஷ்டமாகிவிடுமா? அவன் திடமுள்ள மனிதனாவான். பலரோடு சேர்ந்து நிற்கப் பழகுவான். அது போதாதா?

நமது வேண்டுகோள்

108 லிங்கத்தைச் சுற்றி வருகின்ற பெற்றோர்களுக்கு நாம் ஒன்று சொல்லுகின்றோம். அந்த நேரத்தில் உங்கள் பிள்ளையை மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லுங்கள். நீங்கள் ஓரத்தில் நின்று பாருங்கள். திருவிழாவில் ஒரு இரவு வாணவேடிக்கைக்கு வசூலிக்கின்ற பணத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பந்தும் பூட்ஸும் வாங்கலாம். ஊராட்சிக்கும் பேரூராட்சிக்கும் வோட்டுக் கேட்டு வருகின்றவர்களிடம், “எங்கள் தெருவுக்குக் கோயில் கொட்டகை வேண்டாம், பிள்ளைகளுக்கு மைதானமும், மாதச் சம்பளத்தில் ஒரு பயிற்சி ஆசிரியரும் வேண்டும், சேரிப் பிள்ளையும் ஊர்ப் பிள்ளையும் பெண் பிள்ளையும் அங்கே ஒன்றாக ஆடவேண்டும்” என்று கேளுங்கள். கேட்காத ஜனங்களுக்கு எந்தச் சர்க்காரும் கொடுத்ததில்லை.

டிராக்டர் ஓட்டும் தோழரிடம் இவ்வளவையும் நாம் சொன்னோம். அவர் கோபித்துக் கொள்ளவில்லை. நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “தேர்வு முடிஞ்சு போச்சுங்களே அய்யா” என்றார். முடிந்துதான் போயிற்று. அந்த நாள் இனித் திரும்பி வராது. அதைத் திருப்பிக் கொடுக்க அந்த ஜோசியராலும் ஆகாது; அவர் வாங்கிய 500 ரூபாயாலும் ஆகாது. ஆனால் அடுத்த வருஷம் இன்னொரு தேர்வு உண்டு. அதுவரை பையன் தினமும் ஆடட்டும், நாங்கள் கூட்டிக்கொண்டு போகின்றோம் என்று சொல்லியிருக்கின்றோம். சரி என்றிருக்கின்றார். பாபநாசம் தாலுகாவில் இப்படி இன்னும் எத்தனை வீடுகளில் எத்தனை கட்டங்கள் எத்தனை பிள்ளைகளின் காலைக் கட்டி வைத்திருக்கின்றனவோ தெரியவில்லை. தோழர்கள் தத்தம் ஊர்களில் விசாரித்து, அடுத்த தேர்வு நாளுக்கு முன்னாலேயே அந்த வீடுகளுக்குப் போய்ப் பேசவேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம்.